கொம்பு வைத்த கண்ணு

குழந்தைக்குக் கொம்பு வைக்க மூன்று நாள் ஆகும். முதல் நாள், இரண்டு பசையைச் சேர்த்துப் பிசைகிற எபாக்சி மாவை உருட்டி நெற்றியில் பதிக்க வேண்டும். இரண்டாம் நாள், அது கல்லாக இறுகிய பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். மூன்றாம் நாள், கொம்பைச் சுற்றியிருக்கும் தோல் லேசாக வீங்கிச் சிவந்திருப்பதுபோல வர்ணம் பூச வேண்டும். இந்த மூன்றாம் நாள் வேலையைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். விட்டால் அது ஒட்டிய கொம்பு. செய்தால் முளைத்த கொம்பு.

என் பிழைப்பு இதுதான். வெளிநாட்டிலிருந்து வினைலில் வார்த்த தலை, இரண்டு கை, இரண்டு கால் என்று தனித்தனியாகப் பெட்டியில் வரும். பிறந்த குழந்தையின் அளவு, முழங்கையில் அதே மடிப்பு, உள்ளங்காலில் அதே சுருக்கம். நிறம் மட்டும் இருக்காது. வேகாத இட்லி மாதிரி வெளுத்துக் கிடக்கும். நீலத்தில் நரம்பு வரைந்து, அதன்மேல் சிவப்பைத் தண்ணீராகக் கரைத்துத் தட்டி, அதன்மேல் மஞ்சள், மறுபடியும் சிவப்பு என்று பதினைந்து பூச்சாவது பூசியாக வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒருமுறை சின்ன ஓவனில் வைத்து எடுத்தால்தான் நிறம் நிற்கும். அப்புறம் தலைமுடி. மெல்லிய ஆட்டு ரோமத்தை ஊசியில் கோத்து, ஒன்றொன்றாக மண்டையில் குத்தி நடுவது. கடைசியில் துணி உடம்பைத் தைத்து, கனத்துக்குக் கண்ணாடி மணிகளை நிரப்பினால், தூக்குகிறவர்கள் தங்களை அறியாமல் கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தாங்குவார்கள்.

என்னிடம் கேட்கிறவர்கள் வெறும் குழந்தையோடு நிற்பதில்லை. கூர்க்காது வேண்டும், கோரைப்பல் வேண்டும், முதுகில் செதில் வேண்டும், வால் வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் காந்திபுரத்தில் ஒரு பல் லேபில் பதினோரு வருடம் செயற்கைப் பல் செய்தவள் நான். ஊர்க் கிழவர்களுக்குக் கறி கடிக்கப் பல் செய்த கை, இப்போது ரத்தம் குடிக்கிற பிள்ளைகளுக்குச் செய்கிறது. கோரைப்பல் வைப்பதில் எனக்கு நிகர் யாருமில்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும், பெரியநாயக்கன்பாளையத்தில் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டு, "ஏனுங், ஓவனுக்குள்ள தலை வேகுதுங்களே!" என்று கத்தினார். அதற்குப் பிறகு அவருக்குக் கறிவேப்பிலை தேவைப்படவே இல்லை.

அப்பா என்னிடம் வந்தது போன ஆடிக்கு முன்னால். வெள்ளகோவில் பக்கம் நாற்பது வருடம் மாட்டுத் தரகராக இருந்தவர். நினைவு தப்ப ஆரம்பித்ததும், அண்ணன் வீட்டில் ஆறு மாதம், என் வீட்டில் ஆறு மாதம் என்று பேசி வைத்தோம். அண்ணனுடைய ஆறு மாதம் மூன்றே மாதத்தில் முடிந்துவிட்டது. என்னுடைய ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. என் கணவருக்குப் பெருந்துறையில் வேலை, வாரக் கடைசியில்தான் வீடு. ஆக, வீட்டில் நான், அப்பா, ஓவன்.

காலையில் அவரை எழுப்பி, குளிக்க வைத்து, சட்டை போட்டுவிட்டு, மாத்திரையைப் பொடித்துக் கூழில் கலந்து கொடுத்து முடிக்கவே பத்து மணியாகிவிடும். அதற்குள் என் இடுப்பு அன்றைய கணக்கை முடித்துக்கொள்ளும். பிறகு உட்கார்ந்து முடி நடுவேன். பத்து முடி நட்டு ஒரு தடவை நிமிர்ந்து அவரைப் பார்ப்பேன். கதவைத் திறந்துகொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு நடந்துவிடுவாரோ என்று பயம். இரண்டு முறை நடந்திருக்கிறார்.

அதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். அவர் என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் பேச்சைக் கேட்டு, 'என்ன மரியாதையான ஊருங்க' என்று மெச்சுவார்கள். மெச்சட்டும். எங்கள் வீட்டில் நாங்கள் அப்பாவிடம் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் எங்களிடம் போட்டதில்லை. அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். என்னை மட்டும் கண்ணு என்பார். "கண்ணு, தண்ணி கொண்டா." "கண்ணு, அந்தத் துண்டை எடு." கல்யாணமாகி, தலை நரைத்த பிறகும் அதே கண்ணு. அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் நான் கூழை நீட்டியபோது நிமிர்ந்து பார்த்து, "நீங்க சாப்புட்டீங்களா?" என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நாந்தானுங்கப்பா, உங்க புள்ள" என்று பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் முகம் சுருங்கி, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி, "அப்பிடீங்களா, செரிங்க செரிங்க" என்பார். நம்பியதாகத் தெரியாது. பிறத்தியார் மனம் நோகக் கூடாது என்று ஒத்துக்கொள்வது மாதிரி இருக்கும். நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு தடவை, சாவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, 'ங்க' இல்லாமல் கூப்பிட்டுவிட்டால் போதும் என்று மட்டும் இருந்தது. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஆர்டர் வந்தது. வெளிநாட்டில் ஒரு பெண்மணி, எனக்குப் பழைய வாடிக்கை. இந்த மாதிரிப் பொம்மைகளைச் சேர்க்கிறவர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் அவளுக்கு மேசை போட இடம் கிடைத்திருந்தது. நடுவில் உட்கார வைக்க ஒரு கன்றுக்குழந்தை கேட்டாள். முகம் மனிதக் குழந்தை. நெற்றியில் முளைவிடுகிற இரண்டு கொம்பு. காது மட்டும் கன்றின் காது, இரண்டு பக்கமும் தொங்க வேண்டும், உள்ளே ரோமம் இருக்க வேண்டும்.

மனதைக் கொடுத்துத்தான் செய்தேன். காதுக்கு மட்டும் இரண்டு வாரம். கொம்பின் வேரில் அந்தச் சிவப்பு சரியாக வரும்வரை மூன்று தடவை அழித்துப் பூசினேன். நெற்றியில் முடி நட்டபோது, கொம்புக்கு நடுவில் ஒரு சுழி விட்டேன். மாடு என்றால் சுழி இருக்குமே என்று கை தானாகச் செய்தது.

எல்லாம் முடிந்து சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை விரித்துப் படுக்க வைத்திருந்தேன். நான் அடுப்படியில் இருந்தேன். முதுகுப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது.

"கண்ணு…"

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். "ஏனுங்கப்பா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொம்மையின் கீழுதட்டை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு இன்னும் பல்லு போடலீங்க" என்றார். கொம்பைத் தடவினார். தலையைத் திருப்பிச் சுழியைப் பார்த்தார். "சுழி சுத்தமுங்க. நல்ல எடத்துக் கண்ணு. எங்கெ புடிச்சீங்க?"

எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையும் கண்ணுதான், கன்றுக்குட்டியும் கண்ணுதான். நான் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அழுது முடித்து வந்து பார்த்தால், ஒரு வாரமாகச் சாப்பிட வாயைத் திறக்காமல் சண்டித்தனம் செய்த மனிதர், பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு ஆறிப்போன கூழைத் தானே எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து கன்று பக்கத்தில் இருந்தால்தான் சாப்பாடு. அதுவும் முதலில் கன்று குடித்தாக வேண்டும். "கண்ணு குடிச்சுதுங்களா?" என்று கேட்பார். நான் பால் டம்ளரைப் பொம்மையின் வாயருகில் கொண்டுபோய்க் காட்டி, "குடிச்சுதுங்க" என்பேன். அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறக்கும். பொம்மைக்குப் பால் காட்டி, அப்பாவுக்குக் கூழ் ஊட்டி, பிறகு நான் தின்ன உட்கார்ந்தால் பசி போயிருக்கும். வெளிநாட்டுக்காரிக்கு, வர்ணம் இன்னும் இறுகவில்லை என்று ஒரு பொய் எழுதினேன். அடுத்த வாரம், காது கொஞ்சம் விட்டுப்போச்சு என்று இன்னொரு பொய்.

ஒருநாள் மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏனுங், சித்த இங்கெ வாங்க." போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலது கைமேல் போட்டார். துண்டுக்கு அடியில் தன் கையை விட்டு என் விரல்களைப் பிடித்தார்.

மாட்டுச் சந்தையில் விலை பேசுவது இப்படித்தான். வாயால் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து அழுத்துவதுதான் பேச்சு. எந்த விரலுக்கு என்ன விலை என்பது சந்தைக்குப் போகிற ஆண்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. சின்ன வயதில் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அவர் என் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினார். முகத்தைப் பார்த்தார். விட்டு, மூன்று விரலைப் பிடித்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

குளிப்பாட்டுவதற்கும் எழுப்பி நடத்துவதற்கும் நான்தான் தினமும் அவர் கையைப் பிடிக்கிறேன். அவராக என் கையைப் பிடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைவில்லை. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. அவர் விரல்களை நானும் இறுக்கிப் பிடித்தேன்.

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "முடிஞ்சுதுங்க!" என்று துண்டை உருவி உதறினார். "கவுத்த மாத்திக் குடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கன்றை நான் அவருக்கு விற்றுவிட்டேன். என்ன விலைக்கு என்று கடவுளுக்குத்தான் தெரியும். விற்ற மாட்டைக் கயிறு மாற்றித்தான் கொடுக்க வேண்டும், வீட்டில் கயிறு ஏது? பாவாடை நாடா ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பொம்மையின் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கட்டில் காலில் முடிந்துவைத்தார். தரகு வேலை பார்த்தவருக்கு முடிச்சு மட்டும் மறக்கவில்லை.

அதன் பிறகு பத்து நாள் ஓடியிருக்கும். அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார், தூங்கினார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாளெல்லாம் பக்கத்து அறையிலிருந்து, "கண்ணு, இங்க பாரு கண்ணு, வெயிலடிக்குதா கண்ணு" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு வர வேண்டிய வார்த்தை அது. ஐம்பது வருடம் எனக்கே எனக்கென்று இருந்த வார்த்தை. அதை என் கையால் கொம்பு வைத்த ஒரு வினைல் பொம்மை வாங்கிக்கொண்டிருந்தது. மறைப்பானேன், பொறாமைதான். உள்ளே போனால் என்னிடம், "உங்களுக்கெதுக்குங்க சிரமம்" என்பார். சிரமமாம்.

வெளிநாட்டுக்காரியின் மூன்றாவது கடிதம் வந்தது. கோபமே இல்லாமல், கூட்டத்துக்கு நாள் நெருங்குகிறது, முடியாவிட்டால் சொல்லிவிடு, வருத்தப்பட மாட்டேன் என்று எழுதியிருந்தாள். திட்டியிருந்தால் இன்னொரு பொய் எழுதியிருப்பேன். அன்று எனக்குக் கழுத்து வலி வேறு. அப்பா மத்தியானம் கண் அசந்த நேரத்தில் உள்ளே போய் நாடாவை அவிழ்த்து, கன்றை எடுத்து வந்து பெட்டியில் வைத்து மூடினேன். கூரியர்காரர் நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு போனார். அவளுக்குக் கொடுத்த வார்த்தை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

எழுந்தவர் நாடாவின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"கவுறு இருக்குதுங்க. கண்ணைக் காணமுங்க."

மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்றேன். பொழுது சாய்ந்ததும் கேட்டார். மறுநாள் காலையில் கேட்டார். கூழ் வேண்டாம் என்றார். மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றார். எல்லாம் மறந்துபோகிற மனிதர் இதை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறார். இரண்டாம் நாள், என்னிடம் இருந்த இன்னொரு பொம்மையைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். கூர்க்காதும் சின்னக் கோரைப்பல்லும் வைத்தது, பார்க்க அழகாக இருக்கும். அவர் பதறி நிமிர்ந்தார்.

"ஏனுங், யாரோ பெத்த கொழந்தைய என்ற மடியில வெக்கறீங்களே. அவிய தேட மாட்டாங்களா?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கண்ணும் இல்லை, கொழந்தையும் இல்லை, பொம்மைங்கப்பா, பொம்மை! நாந்தான் செஞ்சேன்" என்று கத்தினேன். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நான் பயந்த வார்த்தையை, நானே கத்தினேன். அப்பா பயந்துபோய் இரண்டு கையையும் கூப்பினார். என்னைக் கும்பிட்டார். பெற்ற தகப்பன் மகளைக் கும்பிட்டால், அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல் அவரே கூப்பிட்டார். குரல் இறங்கிப்போயிருந்தது. "ஏனுங், கோவிச்சுக்காதீங்க. எம்புள்ளைக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க. நான் அதுகிட்டப் பேசிக்கறனுங்க."

நான்தான் உங்கள் பிள்ளை என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அந்த ஒத்துக்கொள்கிற முகத்தை இன்னொரு தடவை பார்க்கவும் முடியாது. என் கணவரின் பழைய பட்டன் போன் ஒன்று சிம்மோடு அலமாரியில் கிடந்தது, சார்ஜ் போட்டு எடுத்தேன். அதை அவர் கையில் கொடுத்து, "இருங்க, அடிக்கும், எடுத்துப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து, என் போனிலிருந்து கூப்பிட்டேன். ஏதோ இரண்டு வார்த்தை பேசினால் ஒரு டம்ளர் பாலாவது குடிப்பார் என்பதற்கு மேல் நான் நினைக்கவில்லை.

"அலோ" என்றார்.

"அப்பா. நானுங்க."

"கண்ணு" என்றார். "எங்க கண்ணு போயிட்டே? எத்தனை நாளாச்சு, உன்ற சத்தத்தையே காணம்."

சுவருக்கு அந்தப் பக்கமும் காதுக்குள்ளும் ஒரே குரல் இரண்டாகக் கேட்டது. "இங்கதானுங்கப்பா இருக்கறேன்" என்றேன்.

"சாப்புட்டியா கண்ணு?"

"சாப்புட்டேனுங்க. நீங்க சாப்புட மாட்டேங்கறீங்களாம்?"

"அதை உடு. இங்க ஒரு ஊட்டுல என்னை இருத்தி வெச்சிருக்கறாங்க கண்ணு. அந்தம்மா கெட்டது இல்ல. பாவம், பொழுதன்னைக்கும் குனிஞ்சு ஊசி குத்தீட்டே இருக்குது. நெம்ப அசந்துபோயிருக்குது. ஆனா வாக்கு சுத்தமில்ல. துண்டு போட்டு முடிச்ச கண்ணை, நான் தூங்கறப்ப வேற எடத்துக்கு ஓட்டி உட்டுப்போட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "சண்டை கிண்டை வேண்டாம் கண்ணு. அவியளுக்கு என்ன கஷ்டமோ. நீ வந்து என்னைக் கூட்டீட்டுப் போயிரு."

எத்தனை கண்ணு என்று எண்ணவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்க வேண்டும் என்று தவம் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. எல்லாமே என்னிடமிருந்து தப்பித்துப் போவதற்காக அவர் கூப்பிட்டதாக இருந்தது.

"வர்றியா கண்ணு?"

"வாரேனுங்கப்பா" என்றேன். "பொழுதோட வாரேன்."

முகத்தைக் கழுவிக்கொண்டு, பாலை ஆற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக இல்லாத தெளிச்சி முகத்தில் இருந்தது.

"எம்புள்ள வருதுங்க" என்றார். "பொழுதோட வந்து கூட்டீட்டுப் போகுது. இனி உங்களுக்குச் சிரமம் இல்லீங்க."

"செரிங்க" என்றேன். டம்ளரை வாங்கி மிச்சம் வைக்காமல் குடித்தார்.

ஐந்து மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிடச் சொன்னார். போட்டுவிட்டேன். தலை வாரிவிடச் சொன்னார். வாரிவிட்டேன். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, தெருவைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஓவனில் அன்றைக்குச் சுட வேண்டிய ஒரு ஜோடிக் கால் அப்படியே இருந்தது. நானும் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தோம்.